பிடுங்கப் பிடுங்க முளைக்கும் கோரை: வீட்டுத் தோட்டத்தில் கட்டுப்படுத்துவது எப்படி?

புது தில்லி: மழைக்காலம் தொடங்கியதும் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போரைச் சலிப்படையச் செய்யும் களைகளுள் முதன்மையானது கோரை. ஹிந்தியில் ‘மோத்தா’ என்றும் மலையாளத்தில் ‘முத்தங்கா’ என்றும் அழைக்கப்படும் இது, நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் காணப்படுகிறது. களையியல் அறிஞர் லிராய் ஹோம் உள்ளிட்டோர் 1977-இல் வெளியிட்ட உலகின் மோசமான களைகள் பற்றிய நூலில், இதற்கே முதலிடம் அளிக்கப்பட்டது.

அடையாளம் காண்பது எப்படி?

பார்வைக்குப் புல்லைப் போலத் தோன்றினாலும், கோரை புல் இனத்தைச் சேர்ந்ததன்று. பூந்தண்டை விரல்களுக்கு இடையே உருட்டினால் அதன் மூன்று பட்டைகளையும் உணரலாம். தண்டின் அடிப்பகுதி குமிழ் போலப் பருத்திருக்கும். அதிலிருந்து மண்ணுக்குள் ஓடும் மெல்லிய தண்டுகளில், மணி கோத்தாற்போல் கிழங்குகள் உருவாகின்றன. நறுமணமுள்ள இக்கிழங்குதான் சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பயன்படும் கோரைக்கிழங்கு.

பிடுங்கியும் அழியாதது ஏன்?

கோரை பரவுவது பெரும்பாலும் விதையால் அன்று, கிழங்கால்தான். செடியைப் பிடித்து இழுத்தால் இலைகள் மட்டுமே கையோடு வரும். கிழங்குகள் மண்ணிலேயே தங்கிவிடும். சங்கிலியாக இணைந்திருக்கும் கிழங்குகளில், முனையில் உள்ளது முளைத்திருக்கும் வரை மற்றவை பெரும்பாலும் உறங்கு நிலையில் இருக்கும். மண்வெட்டியால் கொத்தும்போது அச்சங்கிலி அறுபடுகிறது. உறங்கிய கிழங்குகள் தனித்தனியே முளைவிடுகின்றன. ஒரு முறை கொத்திவிட்டு அப்படியே விட்டுவிட்டால், களை முன்பைவிடப் பெருகுவதற்குக் காரணம் இதுவே.

கிழங்கைப் பட்டினி போடுதல்

ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் கிழங்கு தனது சேமிப்பில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. இலைகள் வளர்ந்து வெயிலில் உணவு தயாரிக்கத் தொடங்கிய பின்னரே புதிய கிழங்குகள் உருவாகும். ஆகவே, ஐந்தாறு இலைகள் விடுவதற்கு முன்பே முளைகளை அகற்ற வேண்டும். இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒரு முறை இதனை இடைவிடாமல் செய்துவந்தால், கிழங்குகள் படிப்படியாக வலுவிழக்கும். இடையில் நிறுத்தினால், செய்த உழைப்பு வீணாகும்.

பாத்தி சிறியதாக இருந்தால், ஒரு சாண் ஆழத்துக்கு மேல் தோண்டி, மண்ணைச் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்கி எடுப்பதே சிறந்தது. கோடையில் மண்ணைக் கிளறி, மேலே வந்த கிழங்குகளைத் தொடர்ந்து பல நாள்கள் சுடுவெயிலில் காயவிட்டால், அவை உலர்ந்து மடியும். அந்நாள்களில் பாத்திக்கு நீர் பாய்ச்சக் கூடாது. பச்சைக் கிழங்குகளை மட்கு உரக் குழியில் இடுவதையும் தவிர்க்க வேண்டும்.

கோரை நிழலைத் தாங்காது. தட்டைப்பயறு, பூசணி போன்று நிலத்தை அடர்ந்து மூடும் பயிர்களை வளர்த்தால் அதன் வேகம் குறையும். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் பயன் தராது. கூர்மையான முளைகள் அதனைத் துளைத்து வெளிவந்துவிடும்.

களைக்கொல்லி தெளிக்கலாமா?

கிளைஃபோசேட் மருந்து இலை வழியாகக் கிழங்கைச் சென்றடையக் கூடியது. ஆயினும், முளைக்காமல் உறங்கும் கிழங்குகளை அது பாதிப்பதில்லை. மேலும், அருகிலுள்ள காய்கறிச் செடிகளின் மீது பட்டால் அவையும் கருகும். உடல்நலக் கேடுகளைக் கருத்தில்கொண்டு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களைத் தவிர வேறு எவரும் இம்மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. எனவே, வீட்டுத் தோட்டத்தில் தாமாகவே இதனைத் தெளிப்பது முறையன்று.

வருமுன் காத்தல்

புதிய தோட்டங்களுக்குக் கோரை பெரும்பாலும் விலைக்கு வாங்கும் மண், சரியாக மட்காத தொழு உரம், நாற்றுப் பைகள் ஆகியவற்றின் வழியாகவே வந்து சேர்கிறது. நாற்றை நடும் முன்பு பையிலுள்ள மண்ணில் கோரை முளை உள்ளதா எனப் பார்ப்பதும், பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவி வைப்பதும் அவசியம். ஒரே ஒரு கிழங்கு போதும். சில மாதங்களில் பாத்தி முழுவதும் பரவிவிடும்.