சேற்றுழவு முடிந்து சாலையில் ஏறியதும் டிராக்டரில் சத்தமா?

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ம் தேதி திறக்கப்படும் ஆண்டுகளில், அடுத்த சில வாரங்களில் டெல்டாவில் குறுவைச் சேற்றுழவு சூடுபிடித்துவிடும். வயலுக்குள் இருக்கும்வரை ரோட்டோவேட்டர் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழாது. வேலை முடிந்து தார்ச்சாலையில் ஏறியதும்தான் ‘கட கட’வென்றோ, ‘ஙொய்ங்’ என்றோ புதிதாக ஒரு சத்தம் கேட்கும். ‘சேறு ஒட்டியிருக்கும், கழுவினால் போய்விடும்’ என்று அடுத்த வயலுக்குக் கிளம்பிவிடுபவர்கள் பலர். சில நேரம் அது உண்மைதான். ஆனால், சில நேரங்களில் ஓர் ஆயில் சீல் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை, டிராக்டரை இரண்டாகப் பிரித்து கிரவுன்-பினியன் மாற்றும் வரை போய்விடும். சீசன் நேரத்தில் வண்டி ஷெட்டில் நின்றால், செலவோடு வாடகை வருமானமும் போகும்.

கழுவிவிட்டுக் கேளுங்கள்

முதல் வேலை, சேற்றை முழுதாகக் கழுவுவது. ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறும், பிரேக் பகுதியில் சிக்கிய கல்லும் சத்தம் கொடுக்கும். கேஜ் வீல் போல்ட், பின்சக்கர நட், முன்சக்கர நட் எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்க்க வேண்டும். சேற்றில் ஆட்டம் கண்ட போல்ட்டுகள்தான் ‘கட கட’ சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

ஆக்ஸிலிலும் ரோட்டோவேட்டர் ரோட்டாரின் இரு முனைகளிலும் வைக்கோல், நைலான் கயிறு, பழைய வலைத்துண்டு சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை சீலை அறுத்துவிடும். பிரஷர் பம்பு வைத்துக் கழுவும்போது, தண்ணீரை நேராக சீல் மீதும், பிரீதர் மீதும் அடிக்கக் கூடாது.

சத்தம் எப்போது வருகிறது?

கழுவிய பிறகும் சத்தம் நிற்கவில்லையென்றால், அது எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

* கிளட்சை மிதித்தால் வருகிறது, விட்டால் போகிறது: கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

* நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது இரைகிறது, மிதித்தால் நிற்கிறது: கியர் பாக்ஸின் முன்பக்க பேரிங்.

* நேராகப் போகும்போது ஒன்றுமில்லை, திருப்பினால் மட்டும் ‘டக் டக்’: டிஃப்ரென்ஷியல் பற்சக்கரங்கள். அதற்கு முன், டிஃப்ரென்ஷியல் லாக் பெடல் சேறு அடைத்து மேலே வராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். லாக் விழுந்த நிலையில் சாலையில் திருப்பினால் டயர் தேயும், ஆக்ஸில் முறுக்கப்படும்.

* ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது ஒரு விதமாகவும், விடும்போது வேறு விதமாகவும் ஊளையிடுகிறது: கிரவுன்-பினியன்.

* வேகம் கூடக் கூட ‘உர்ர்’ என்ற உறுமல் கூடுகிறது: சக்கர பேரிங். முன்சக்கரம் என்றால், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘லொட லொட’ப்பு தெரியும்.

* ரோட்டோவேட்டரைத் தூக்கும்போது மட்டும் ‘தட தட’: பி.டி.ஓ ஷாஃப்ட்டின் ஜாயிண்ட். அதிக உயரம் தூக்கி ஓட்டினாலே இந்தச் சத்தம் வரும். வரப்பில் ஏறி இறங்கும்போது பி.டி.ஓ-வை நிறுத்திவிட வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரில் இன்னொன்றும் உண்டு. இவற்றில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்றுக் கூடுதல் தூரம் உருளும்படி பற்சக்கரக் கணக்கு இருக்கும். சேற்றில் சறுக்கல் இருப்பதால் பாதகமில்லை. கெட்டியான சாலையில் சறுக்க வழியில்லாததால், முன் ஷாஃப்ட் முறுகி ‘கிர்ர்’ என்ற சத்தமும், ஸ்டீயரிங்கில் இறுக்கமும் வரும். லீவரும் விடுபட மறுக்கும். கொஞ்ச தூரம் பின்னால் ஓட்டினால் முறுக்கு தளர்ந்து லீவர் விடுபடும். டிரைவை விட்ட பிறகு சத்தம் நின்றால் பழுது இல்லை.

சந்தேகத்தைத் தீர்க்கும் ஆயில்

உழவில் சூடேறிய ஆக்ஸில் ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தால், தேய்ந்த சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஆயிலுக்கு பற்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே படலமாக நிற்கும் வலு கிடையாது. சத்தம் அங்கேதான் தொடங்குகிறது.

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். வெறும் நுரையென்றால் வண்டியை நிறுத்திவைத்த சில மணி நேரத்தில் அடங்கிவிடும். தண்ணீர் என்றால் நிறம் மாறாது. இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் வண்டியைக் கிளப்பும் முன் டிரெயின் பிளக்கை லேசாகத் தளர்த்தினால், அடியில் தேங்கிய தண்ணீர் முதலில் சொட்டும்.

பிளக்கில் காந்தம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். மை போன்ற கறுப்புப் பொடி சாதாரணத் தேய்மானம். நகத்துண்டு போல உலோகச் சில்லு இருந்தால், வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பல டிராக்டர்களில் கியர் பாக்ஸ், டிஃப்ரென்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அதனால் சத்தத்தோடு லிஃப்ட்டும் குலுங்கினால், முதல் சந்தேகம் ஆயில் மீதுதான் வர வேண்டும்.

ஆயில் பாலாகியிருந்தால், வடித்துவிட்டு, ஃபில்டரையும் மாற்றி, தண்ணீர் புகுந்த சீலைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால், அடுத்த சேற்றுழவில் அதுவும் பாலாகிவிடும்.

தினமும் பத்து நிமிடம்

சேற்றில் இறங்கும் நாள்களில் முன் ஆக்ஸில், ஹப், பி.டி.ஓ ஜாயிண்ட் ஆகியவற்றுக்கு மாலையில் கழுவியதும் கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸோடு சேறும் தண்ணீரும் வெளியே வரும் வரை அடிப்பது நல்லது. பிரீதரைத் துடைத்து, ஆயில் அளவையும் நிறத்தையும் பார்த்துவிட வேண்டும். கேஜ் வீலோடு சாலையில் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். அந்த அதிர்வு முழுவதும் ஆக்ஸில் பேரிங்கில்தான் இறங்கும்.

இந்தச் சோதனைகளை இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே செய்ய வேண்டும். ஓடவிட்டுக் கேட்டே ஆக வேண்டிய சத்தம் என்றால், வேட்டி, துண்டு எதுவும் தொங்காமல், சுற்றும் ஷாஃப்ட்டுக்கு எட்ட நின்று கேட்க வேண்டும். மெக்கானிக்கிடம் போகும்போது ‘சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாமல், ‘திருப்பும்போது வருது, ஆயில் வெள்ளையா இருக்கு’ என்று சொன்னால், தேவையில்லாத இடத்தைப் பிரிக்கும் கூலி மிச்சம்.