பல் துலக்க மறப்பது சோம்பலா?

"பல் துலக்கினாயா?" என்று தினமும் கேட்டு அலுத்துவிட்டீர்களா? உங்கள் பிள்ளைக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு இருந்தால், திட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

இக்குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் பல் சொத்தை அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஒரு வேலையை நேரத்தில் தொடங்கி, பொறுமையாக முடிக்க வைப்பது மூளையின் முன்பகுதி. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு எளிதில் வருவதில்லை. இரண்டு நிமிடம் பல் துலக்குவதுகூட அவர்களுக்கு நீண்ட, சலிப்பான வேலை. இதைத்தான் பெற்றோரும், ஆசிரியர்களாகிய நாங்களும் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம்.

இன்னொரு காரணம் உமிழ்நீர். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர்தான். மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஏடிஎச்டி மருந்துகள் சிலருக்கு வாயை உலர வைக்கும். அந்த வறட்சிக்கு இனிப்புப் பானம் குடித்தால் பாதிப்பு இன்னும் கூடும்.

அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாகத்திற்கு வெறும் தண்ணீர் கொடுங்கள். ஃபுளோரைடு கலந்த பற்பசை வாங்குங்கள். இரண்டு நிமிடப் பாட்டு ஒன்றை ஒலிக்கவிட்டு, பிள்ளையோடு நீங்களும் நின்று துலக்குங்கள். இரவில் தூக்கம் கண்ணைச் சுழற்றும் முன்பே அதை முடித்துவிடுங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது, பிள்ளை சாப்பிடும் மருந்தின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.