தீ மூட்டிக் கற்றவர்

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன், சிட்னி நகரங்களைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போனால் சாலையோரம் ஓர் அரைவட்டப் பலகை நிற்கும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, அடர்சிவப்பு என நான்கு நிறங்கள். அன்றைய காட்டுத்தீ அபாயம் எவ்வளவு என்பதை ஒரு முள் காட்டும். காட்டுக்குள் போய்த் தானே தீ மூட்டிப் பார்த்த ஆலன் மெக்ஆர்தர் என்ற வனவியலாளர்தான் இதற்கு அடித்தளம் போட்டவர்.

1950, 60களில் யூகலிப்டஸ் காடுகளிலும் புல்வெளிகளிலும் அவர் நூற்றுக்கணக்கான சோதனைத் தீக்களை மூட்டி, அவை பரவும் வேகத்தை அளந்தார். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், காட்டின் வறட்சி ஆகிய நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினார். விக்டோரியா மாநிலத்தில் 71 உயிர்களைக் குடித்த 1939 ஜனவரி 13, 'கருப்பு வெள்ளி'யின் நிலைமைக்கு 100 என்று வைத்தார்.

இந்தக் கணக்கை அவர் ஆய்வேட்டோடு விட்டுவிடவில்லை. ஒன்றன்மேல் ஒன்று சுழலும் வட்டத் தட்டுகளில் அச்சிட்டுக் களத்துக்கு அனுப்பினார். தீயணைப்பாளர் நின்ற இடத்திலேயே தட்டைத் திருப்பி அபாயத்தைப் படித்துக்கொள்ளலாம். கூடவே மனப்பாடமாய் வைத்துக்கொள்ள ஒரு விதியும் கிடைத்தது: 10 டிகிரி சரிவில் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் இரண்டு மடங்கு, 20 டிகிரியில் நான்கு மடங்கு. சரிவில் சுடர் மேலேயுள்ள புல்லையும் சருகையும் நெருங்கி, முன்கூட்டியே காயவைத்துவிடுவதே காரணம். 2018இல் தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி இறந்ததை நினைத்தால் இந்த விதியின் கனம் புரியும்.

ஆனால் கொடும் வெயில் நாளில் யாரும் சோதனைக்காகக் காட்டைக் கொளுத்த முடியாது. மெக்ஆர்தரின் தீக்கள் பெரும்பாலும் சிறியவை, மிதமான நாட்களில் மூட்டியவை. அவரோடு பணியாற்றிய ஃபில் செனியும் சகாக்களும் 1998 முதல் 2001 வரை மேற்கு ஆஸ்திரேலியாவில் 'வெஸ்டா' ஆய்வை நடத்தினார்கள். கோடையில், 120 மீட்டர் நீளம் வரை வரிசையாகத் தீ மூட்டினார்கள். அகன்ற முகப்போடு புறப்பட்ட தீ, பழைய கணக்கைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக ஓடியது. தரையில் கிடக்கும் சருகின் எடை மட்டுமல்ல, புதரும் மரப்பட்டையும் அடுக்கடுக்காய் அமைந்திருக்கும் விதமும் தீயை விரட்டுகிறது என்பதும் தெரிந்தது.

2009 பிப்ரவரி 7, 'கருப்புச் சனி'யன்று மெல்பர்னில் வெப்பம் 46.4 டிகிரி. குறியீடு 100ஐத் தாண்டியது. விக்டோரியாவில் 173 பேர் மாண்டார்கள். அதன் பிறகே உச்சநிலை எச்சரிக்கை ஒன்று சேர்க்கப்பட்டது. 2022 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே புதிய அபாய அளவு நடைமுறைக்கு வந்தது.

கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் முள்ளைக் கவனியுங்கள். அது அடர்சிவப்பைத் தொடும் நாளில் காட்டோரம் தங்காதீர்கள்; புகை தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.