பதவி உயர்வுப் பட்டியலில் தொடங்கிய இரவு

தென்கொரியாவின் அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்நாட்டு மக்களைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். 2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணியளவில் அதிபர் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவிக்கிறார். நாடாளுமன்றம் உட்பட எல்லா அரசியல் நடவடிக்கைகளுக்கும் தடை. ஊடகங்கள் ராணுவத்தின் கட்டுப்பாட்டில். பணிக்கு வராத பயிற்சி மருத்துவர்கள் 48 மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்று முதல் ஆணை வருகிறது. கடுங்குளிரில் ஜனங்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடுகிறார்கள். உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதிக்கிறார்கள். ஜன்னலை உடைத்து நுழைந்த சிறப்புப் படையினரை, கதவுகளுக்கு மேசை நாற்காலிகளை முட்டுக்கொடுத்தும் தீயணைப்பான்களைப் பீய்ச்சியும் அலுவலர்கள் தடுக்கிறார்கள். 300 பேர் கொண்ட அவைக்குள் வந்துசேர முடிந்தவர்கள் 190 பேர். இரவு ஒரு மணிக்கு, ராணுவச் சட்டத்தை நீக்கக் கோரி 190 பேரும் ஒருமனதாக வாக்களித்தார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு ராணுவச் சட்டம் நீக்கப்பட்டது.

இந்தக் கதையில் இன்னொரு தரப்பும் உண்டு. வேகமாக ஓடாத சிப்பாய்கள். பின்னால் வந்துகொண்டிருந்த துருப்புகளை சொகாங் பாலத்தைத் தாண்ட வேண்டாம் என்று நிறுத்திவைத்ததாக ஒரு கர்னல் பின்னர் சாட்சி சொன்னார். கதவை உடைத்து உறுப்பினர்களை வெளியே இழுத்து வரச் சொன்னார்கள், நான் செய்யவில்லை என்றார் ஒரு தளபதி. திரும்பிப் போகும்போது பொதுமக்களிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்ட சிப்பாயின் படத்தை நாடே பார்த்தது. 2025 ஏப்ரல் 4 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமித்து அதிபரைப் பதவி நீக்கிய அரசியல் சாசன நீதிமன்றம், நாடாளுமன்றம் விரைவாக வாக்களிக்க முடிந்ததற்கு, மக்களின் எதிர்ப்போடு ராணுவமும் போலீசும் ஆணையை அரைமனதாகச் செய்ததையும் ஒரு காரணமாகத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டது.

அந்தச் சிப்பாய்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் நாடாளுமன்றம் பிழைப்பது, நடு இரவில் ஒரு கர்னலுக்கு எந்தப் பக்கம் மனம் சாய்கிறது என்பதைப் பொறுத்தது என்றால் என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்? அந்த இடத்தில் யார் இருப்பார் என்பதை முடிவுசெய்வது யார்?

அதிபர், பாதுகாப்பு அமைச்சர், போலீசுக்குப் பொறுப்பான உள்துறை அமைச்சர், ராணுவத்துக்குள்ளேயே வேவு பார்க்கும் பிரிவின் தளபதி. நால்வரும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். அமைச்சராகும் முன் அந்தப் பாதுகாப்பு அமைச்சர் அதிபரின் மெய்க்காவல் பிரிவுக்குத் தலைவர். வேவுப் பிரிவு, சிறப்புப் படை, தலைநகர்ப் பாதுகாப்புப் படை ஆகிய மூன்றின் தளபதிகளும் 2023 நவம்பரில் ஒரே பட்டியலில் லெப்டினென்ட் ஜெனரல் ஆனவர்கள். தலைநகரைக் கைக்குள் வைத்துக்கொள்ள ஒருவருக்குத் தேவைப்படும் படைகள் இந்த மூன்றும்தான். அந்தப் பட்டியல் தயாரானபோதே திட்டமும் தொடங்கிவிட்டது என்பது சிறப்பு அரசு வழக்கறிஞரின் வாதம். அதை நீதிமன்றங்கள் எப்படி எடைபோட்டாலும், டாங்கியும் ஹெலிகாப்டரும் நமக்குக் கடைசியில்தான் தெரிகின்றன என்பதை மறுக்க முடியாது. முதலில் நடப்பது யாருக்கு நட்சத்திரம், யாருக்கு ஓய்வு என்ற முடிவு. அதை எந்தத் தொலைக்காட்சியும் நேரலையில் காட்டுவதில்லை.

கொரியர்களுக்கு இது புதிதல்ல. கொரிய ராணுவக் கழகத்தின் 11ஆம் அணி அதிகாரிகள் ‘ஹனாஹ்வே’ என்று ஒரு ரகசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நல்ல பதவிகள் அந்தச் சங்கத்துக்குள்ளேயே சுற்றிவந்தன. அண்ணன் போனால் தம்பி என்ற ஏற்பாடு. 1979 அக்டோபரில் அதிபர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, வேவுப் பிரிவின் தளபதி அந்தச் சங்கத்து ஆள். வெறும் மேஜர் ஜெனரல். டிசம்பர் 12 இரவு அவர் தன் மேலதிகாரியான ராணுவத் தலைமைத் தளபதியையே கைது செய்தார். அவருக்குத் துணையாக, அதே அணியில் படித்த நண்பர் தன் 9ஆம் டிவிஷனிலிருந்து துருப்புகளைத் தலைநகருக்குள் கொண்டுவந்தார். அந்த டிவிஷன் நின்றிருந்தது வடகொரியாவைப் பார்த்த முன்னணியில்! தேசப் பாதுகாப்பு என்று மூச்சுக்கு மூச்சு பேசியவர்கள், எதிரிக்கு எதிரே நின்ற படையைப் பிரித்துத் தங்கள் சொந்த வேலைக்குக் கூட்டிப் போனார்கள். அடுத்த மே மாதம் குவாங்ஜூவில் சொந்த மக்கள் மீதே துப்பாக்கிச் சூடு நடந்தது. நண்பர்கள் இருவரும் அடுத்தடுத்து அதிபர் ஆனார்கள்.

1993 பிப்ரவரியில் பதவியேற்ற சிவிலியன் அதிபர், மார்ச் 8 அன்று, பதவியேற்று இரண்டு வாரம்கூட முடியாத நிலையில், ராணுவத் தலைமைத் தளபதியையும் வேவுப் பிரிவுத் தளபதியையும் ஒரே நாளில் மாற்றினார். அடுத்த மாதம் சங்க உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியல் ராணுவக் குடியிருப்பில் துண்டுப் பிரசுரமாகவே கிடந்தது. களையெடுப்பு மளமளவென்று நடந்தது. வெற்றிபெற்ற கலகத்தைத் தண்டிக்க முடியாது என்று 1995இல் அரசு வழக்கறிஞர்களே கைவிரித்தபோது, மக்கள் கொதித்தெழ, தனிச் சட்டம் இயற்றி இரு முன்னாள் அதிபர்களையும் கூண்டில் ஏற்றினார்கள். 1996இல் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆயுளாகக் குறைந்தது. 1997 டிசம்பரில் இருவருக்குமே பொதுமன்னிப்பு.

சங்கத்தைக் கலைத்தார்கள். சங்கம் முளைத்த மண்ணை, அதாவது தளபதிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஒரே மேசையில் குவிந்திருப்பதை, அப்படியே விட்டுவிட்டார்கள். சங்கம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் வந்து உட்கார்ந்தது.

தலைநகரிலிருந்து எல்லை 50 கிலோமீட்டர்தான், மறுபக்கம் பத்து லட்சத்துக்கும் அதிகமான துருப்புகள். இப்படிப்பட்ட நாட்டில் அதிபர் தனக்கு நம்பிக்கையானவர்களைத்தானே தளபதியாக வைத்துக்கொள்ள முடியும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நம்பிக்கை அரசியல் சாசனத்தின் மீதா, ஆளின் மீதா என்பதுதான் என் பதில் கேள்வி.

எச்சரிக்கை இல்லாமலா போனது? 2024 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சரை நாடாளுமன்றக் குழு விசாரித்தபோதே எதிர்க்கட்சியினர் பள்ளித் தொடர்பைக் கேட்டார்கள், ராணுவச் சட்டம் வருமா என்றும் கேட்டார்கள். இந்தக் காலத்தில் மக்கள் அதை ஏற்பார்களா, ராணுவம்தான் கேட்குமா என்று அமைச்சர் தட்டிக்கழித்தார். மூன்று மாதம்தான் ஆனது. அந்த விசாரணையில் குழு என்ன சொன்னாலும் நியமனத்தை அதிபர் நிறுத்த வேண்டியதில்லை என்பது சட்டம். ராணுவத்தில் கூட்டுப்படைத் தலைவருக்கு மட்டுமே அப்படி ஒரு விசாரணை உண்டு. தரைப்படைத் தளபதிக்கு அதுவும் இல்லை. டிசம்பர் 3 இரவு கூட்டுப்படைத் தலைவரை ஒதுக்கிவிட்டு, ராணுவச் சட்டத் தளபதியாக அறிவிக்கப்பட்டவர் தரைப்படைத் தளபதி.

2025 ஜூலையில், 64 ஆண்டுகளில் முதல்முறையாக ராணுவப் பின்னணி இல்லாத ஒருவர் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். மனம் நிறைந்து வரவேற்கிறேன். செப்டம்பரில் புதிய அரசு நான்கு நட்சத்திரத் தளபதிகள் ஏழு பேரையும் ஒரே வீச்சில் மாற்றியது. முந்தைய பட்டியலின் நிழலைத் துடைக்க அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் புதிதாக வந்த ஏழு பேரில் நாடாளுமன்றத்தின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது கூட்டுப்படைத் தலைவர் ஒருவர் மட்டுமே. தரைப்படைத் தளபதி உட்பட மற்ற ஆறு பேரும் பழைய வழியிலேயே, யாரும் ஒரு கேள்வி கேட்காமல், நாற்காலியில் அமர்ந்தார்கள்.