வலது மூலையில் ஒரு பெயர்

பழைய பைபிள் படம் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது வலது கீழ் மூலையைத்தான். குஸ்தாவ் டோரே வரைந்த படமென்றால் இடது மூலையில் அவர் கையெழுத்து இருக்கும். உலகமறிந்த பெயர். வலது மூலையில் பெரும்பாலும் வேறொரு பெயர் பொடி எழுத்தில் இருக்கும்: பிசான், பனெமாக்கர் என்று. டோரே வரைந்ததை மரக்கட்டையில் வெட்டியவர்கள் இவர்கள். எழுத்துக் கோத்து, பிளாக் பொருத்தி, பாரம் எனும் அச்சுச் சட்டத்தை முடுக்கியே வேலைக்காலத்தைக் கழித்த லெட்டர் பிரஸ்காரன் நான். என் மனசு எந்த மூலைப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டோரேயின் பைபிள் 1866-இல் பிரான்சின் தூர் நகரத்தில், மாம் பதிப்பகத்தில் அச்சானது. இரண்டு பெரிய தொகுதிகள், இருநூறுக்கும் மேற்பட்ட முழுப்பக்கப் படங்கள். அதில் பெருவெள்ளக் காட்சி ஒன்று உண்டு. எல்லாம் முழுகிப்போய் ஒரே ஒரு பாறை மட்டும் மிச்சம். தண்ணீரில் கிடக்கும் பெற்றோர் பிள்ளைகளைப் பாறைமேல் தள்ளி ஏற்றுகிறார்கள். அதே பாறையின் உச்சியில் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஒரு பெண்புலி. மனிதக் குழந்தைக்குப் பக்கத்தில் புலி நிற்கிறது. அதற்கும் தன் பிள்ளைதான் கவலை. வேத வசனத்தில் இந்தப் புலி கிடையாது. டோரே கொண்டுவந்து நிறுத்தியது. இந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பாலஸ்தீனத்தை அவர் கற்பனையில்தான் கண்டார். ஆனால் அரண்மனை, தூண், சிங்காசனம் என்று வரும்போது அசீரிய, எகிப்தியச் சாயல் தெளிவாகத் தெரியும். அசீரியாவில் தோண்டி எடுத்த சிற்பங்களைப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 1847-இலேயே மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டது. பைபிளை முடித்த பிறகு சரித்திரமும் வரைந்தார். 1877-இல் வந்த சிலுவைப்போர் வரலாற்றுக்கு 100 படங்கள்.

இனி கட்டைக்கு வருகிறேன். மரத்தைப் பலகையாக அறுத்து, ரேகை ஓடும் முகத்தில் கத்தியால் செதுக்குவது பழைய முறை. அதில் ரொம்ப மெல்லிய கோடு நிற்காது, சிராய் பிடுங்கிக்கொண்டு வரும். மரத்தைக் குறுக்கே அறுத்தால் கிடைக்கும் வெட்டுமுகத்தில், செம்புத்தகட்டில் செதுக்கும் உளியை வைத்து வேலை செய்வது இன்னொரு முறை. இதை ஒரு கலையாக உயர்த்தியவர் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்துத் தாமஸ் பியூவிக். வெள்ளிப் பாத்திரத்தில் பெயர் பொறிக்கும் பட்டறையில் தொழில் பழகிய கை அது. 1790-இல் நாற்கால் விலங்குகள் பற்றிய புத்தகத்தையும், 1797-இலும் 1804-இலும் பறவைகள் பற்றிய இரண்டு தொகுதிகளையும் வெளியிட்டார். பறவைகளுக்காக ஒரு தனியார் காட்சியகத்துக்குப் போய்ப் பஞ்சடைத்த உடல்களைப் பார்த்து வரைந்தார். அந்த விறைப்பு அவருக்குத் திருப்தி தரவில்லை. பிறகு உயிருள்ளவற்றையும் அப்போதுதான் சுட்ட பறவைகளையும் பார்த்து வரைந்தார். அவருடைய பறவைகளின் இறகில் தெரியும் மென்மை இப்படி வந்ததுதான்.

வெட்டுமுக வேலைக்கு எடுக்கும் பாக்ஸ்வுட் மரம் இரும்பு மாதிரி கெட்டி. ஆனால் மெதுவாக வளரும், அடிமரம் பருக்காது. பெரிய படமென்றால் பல துண்டுகளைச் சேர்த்துத்தான் கட்டை செய்ய வேண்டும். 1842-இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ போன்ற வாரப் பத்திரிகைகள் இந்தக் குறையையே வசதியாக்கிக்கொண்டன. படத்தைக் கட்டைமேல் வரைந்ததும் துண்டுகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். விடிவதற்குள் வெட்டித் திரும்ப முடுக்கிவிடுவார்கள். விளக்குக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டு, வெளிச்சத்தைக் குவிப்பதற்கு. கட்டைக்கு அடியில் மணல் அடைத்த தோல்பை. வளைகோட்டுக்குக் கட்டையைத் திருப்புவதற்கு. பழைய பத்திரிகைப் படங்களில் வானத்தின் நடுவே நூல்போல ஒரு வெள்ளைக் கோடு ஓடினால், அது துண்டுகள் சேர்ந்த இடம்.

டோரே கட்டைமேல் கோடாக வரைந்து கொடுத்தவர் இல்லை. மையைக் கரைத்துத் தூரிகையால் நிழலும் ஒளியுமாகத் தீட்டிக் கொடுத்துவிடுவார். அச்சிலோ கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் நிறம் கிடையாது. அந்தச் சாம்பலை எத்தனை கோடாக, எவ்வளவு நெருக்கமாகப் பிரிப்பது என்று முடிவு செய்தவர் வெட்டுபவர். வெட்ட வெட்ட ஓவியரின் மூலப்படம் அழிந்துபோகும். ஆகவே நாம் பார்க்கும் மேகமும் அலையும் பாதிக்குமேல் பிசானுடையவை என்பது என் கட்சி.

செம்புத்தகட்டுப் படத்துக்குத் தனி மிஷின், தனித் தாள் வேண்டும். மரக்கட்டை அப்படியில்லை. ஈய எழுத்தின் உயரமும் கட்டையின் உயரமும் ஒன்றுதான், ஏறத்தாழ 23 மில்லிமீட்டர். எழுத்தோடு சேர்த்துப் பாரத்தில் பூட்டி ஒரே ஓட்டத்தில் அடிக்கலாம். படப் புத்தகம் சாமானியர் கைக்கு வந்ததில் இந்த உயரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மரக்கட்டையில் வெட்டி அச்சான விலங்குப் படங்களில் எல்லோரும் பார்த்த ஒன்று, பழைய பலகை முறையில் வந்த ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரரின் காண்டாமிருகம். அது நம் நாட்டு மிருகம். குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா போர்ச்சுக்கீசிய ஆளுநர் அல்புகெர்க்கிக்குக் கொடுக்க, அவர் கோவாவிலிருந்து கப்பலேற்ற, 1515 மே 20-இல் லிஸ்பனில் இறங்கியது. ட்யூரர் அதைப் பார்த்ததே இல்லை. யாரோ எழுதிய கடிதத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்து நியூரம்பர்க்கில் உட்கார்ந்து வரைந்தார். தோலைக் கவசத் தகடுகளாக்கி, முதுகில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பையும் வைத்தார். 250 ஆண்டுகள் போல ஐரோப்பியப் புத்தகங்கள் அந்தக் கொம்போடுதான் காண்டாமிருகத்தைக் காட்டின. மிருகமோ போப் பத்தாம் லியோவுக்குப் பரிசாகப் போகும் வழியில், 1516 தொடக்கத்தில், இத்தாலிக் கரையருகே கப்பல் கவிழ்ந்து சங்கிலியோடு முழுகியது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஆஃப்டோன் பிளாக் வந்தது. மரம் வெட்டுகிறவர்களுக்கு வேலை போயிற்று. எங்கள் காலத்தில் நாங்கள் ‘பிளாக்’ என்றதும் மரக்கட்டைமேல் அடித்த அந்தத் துத்தநாகத் தகட்டைத்தான்.

இப்போது பழைய புத்தகங்களிலிருந்து படப் பக்கங்களை மட்டும் பிளேடால் அறுத்து, சட்டம் போட்டு விற்கிறார்கள். முழுப் புத்தகத்தைவிடப் பிய்த்த பக்கங்களுக்குக் காசு அதிகமாம். தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள். டோரேயும் பியூவிக்கும் காப்புரிமைக் காலம் கடந்தவர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் முழுப் புத்தகங்களே இலவசமாகக் கிடக்கின்றன. பிடித்த படத்தை இறக்கி நல்ல தாளில் அச்சடித்து மாட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தை வெட்டும்போது மட்டும் வலது மூலையிலிருக்கும் பெயரையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள்.