பேஸ் கிட்டாருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர்?

இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி' வழியே திரையிசைக்கு வந்த பிறகு, பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணைநிற்கும் கருவி என்ற நிலையைக் கடந்து, பாடகரின் மெட்டுக்கு அடியில் தனியொரு மெட்டாகவே நடக்கத் தொடங்கியது. அந்த ஒலியில் மனம் பறிகொடுத்துக் கருவியை வாங்குபவர், அளவான தொகையில் ஆம்ப்ளிஃபயர் தேடும்போது முதலில் பார்ப்பது வாட் எண்ணைத்தான். உண்மையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது.

பேஸின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த கம்பியைவிட இது ஒரு ஸ்தாயி கீழே. இத்தகைய மந்தர ஒலிக்கு ஸ்பீக்கரின் கூம்பு பெருமளவு காற்றைத் தள்ளியாக வேண்டும் என்பதால், சாதாரண கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் பேஸைச் செருகி உரக்க வாசித்தால் ஸ்பீக்கரே பழுதாகிவிடக்கூடும். வாட்டை இரு மடங்காக்கினாலோ, ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். ஆகவே, 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை நல்ல 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கருக்கும் உறுதியான பெட்டிக்கும் செலவிடுவதே மேல்.

மயிலாப்பூர், அடையாறு அடுக்ககங்களில் 10-க்கு 12 அடி அறையும் கான்கிரீட் சுவரும்தான் பெரும்பாலும் வாய்க்கின்றன. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் அதிகம் என்பதால், அது சுவருக்குச் சுவர் மோதி மூலைகளில் திரண்டு, பீரோ கதவையும் ஜன்னல் கண்ணாடியையும் அதிரவைக்கிறது. பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி முக்காலியின்மேல் வைத்தால் முழக்கம் ஓரளவு அடங்கும். இருப்பினும், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்குமேல் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 45 டெசிபல்தான் என்பதால், ஹெட்ஃபோன் செருகும் துளை இங்கே கட்டாயத் தேவையாகிறது.

மேடையில் நிலைமை வேறு. தி.நகர் வாணி மகால் போன்ற அரங்கில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும்போது, கூட்டத்துக்கு ஒலியைக் கொண்டுசேர்ப்பது அரங்கின் ஒலியமைப்பே. வாசிப்பவரின் ஆம்ப்ளிஃபயர் அவருக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்டால் போதும். அதனால், ஒலியை இரைச்சலின்றி மிக்ஸருக்கு அனுப்பும் 'டிஐ அவுட்' என்ற இணைப்பு, கூடுதல் நூறு வாட்டைவிடப் பயனுள்ளது. கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 'கிளாஸ் டி' வகையாக இருந்தால், ஆட்டோவில் ஏற்றி இறக்க ஒருவர் போதும்.

அண்ணா சாலையின் பழம்பெரும் மியூசி மியூசிக்கல் உட்பட எந்தக் கடைக்குச் சென்றாலும், சொந்த பேஸை எடுத்துச் செல்வது நல்லது. ஒலியளவைப் பாதிக்குமேல் திருப்பி, தடித்த கம்பியை மீட்டி, சுரம் தெளிவாக நீடிக்கிறதா, பெட்டி கரகரக்கிறதா என்று கேட்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியின் பின்புறத்தில் 120 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், உரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் ஊரின் 230 வோல்ட் மின்சாரத்தில் அதைச் செருகக் கூடாது.

வீட்டுப் பயிற்சியும் அவ்வப்போது மேடையும் என்றிருப்பவருக்கு, டிஐ அவுட்டும் ஹெட்ஃபோன் துளையும் கொண்ட, 50 முதல் 100 வாட் வரையிலான 'காம்போ', அதாவது ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் அமைந்த வகை, தாராளமாகப் போதும்.