களைப்பின் கதை – 12: கஞ்சியை எடுக்க வந்த குழாய்

மெல்லுவதும் ஒரு வேலைதான் என்று போன வாரம் எழுதியிருந்தேன். எம்.இ. என்கிற நாட்பட்ட களைப்பு நோய் முற்றியவர்களுக்கு நாலு வாய்ச் சோற்றுக்கான கூலி இரண்டு நாள் படுக்கை. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். அவர்களுக்கு என்னதான் கொடுப்பது என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை என் கையில் ஒரு ரைல்ஸ் டியூப் அகப்பட்டது, மூக்கு வழியாக இரைப்பைக்குக் கஞ்சி ஊற்றுகிற குழாய். வாக்கு அதோடு போயிற்று.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கினேன். "ஆர்க்கா சாரே?" என்றார் கடைக்காரர். எழுதுவதற்கு என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சில்லறை கொடுத்தார். வீட்டில் ஜன்னலருகே பிடித்துப் பார்த்தேன். நுனியில் சின்னச் சின்ன உலோகக் குண்டுகள், கொலுசுக்குள் மணி போல. குழாயை இரைப்பைக்கு இறக்குகிற பாரம் அதுதான். எக்ஸ்ரேயிலும் தெரியும்.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஜான் ரைலின் பெயர்தான் இந்தக் குழாய்க்கு. 1921இல் அவரும் பென்னட் என்பவரும் சேர்ந்து, ஒரு நோயும் இல்லாத 100 பேரின் வயிற்றை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். செய்முறை இதுதான்: மெல்லிய குழாயை விழுங்க வைத்து, ஓட்ஸ் கஞ்சி குடிக்கச் சொல்லி, கால் மணிக்கொரு தரம் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அமிலம் எவ்வளவு என்று அளப்பது. ஆக, கஞ்சியை வெளியே எடுக்க வந்த குழாய் இது! நூறு வருஷம் கழித்து அதே வழியாக நாம் கஞ்சியை உள்ளே ஊற்றிக்கொண்டிருக்கிறோம். மூன்று நாளாகக் கண்டவரிடமெல்லாம் இதைச் சொல்லி வீட்டில் திட்டும் வாங்கியாகிவிட்டது. ரைல் பின்னால் ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவத்தின் முதல் பேராசிரியரானார். வயிற்றிலிருந்து வறுமைக்குப் போனவர். அது தனிக் கதை.

கரமனையில் ஒரு வீட்டில் இந்தக் குழாயைப் போடுவதை முன்பு பார்த்திருக்கிறேன். பக்கவாதம் வந்த பாட்டி. பாலியேட்டிவ் (நோய்த் தணிப்பு) சிஸ்டர் குழாயையே அளவுகோலாக்கி, மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் அடி என்று அளந்து பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வைத்தார். "இறக்கிக்கோ அம்மே, இறக்கிக்கோ" என்றார். மலையாளத்தில் இறக்குவது என்றால் விழுங்குவதும்தான். பிறகு துணியில் வடிகட்டிய கஞ்சி, சிரிஞ்ச் வழியாக. ஒரு பருக்கை போதும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

2008இலேயே பாலியேட்டிவ் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். அதற்கு முன்பே, 2003இல், டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார். புற்றுநோயா வேறொன்றா என்று பார்ப்பதைவிட, எழுந்து வர முடியாதவரா என்று பார்த்து வீட்டுக்கு வருகிறவர்கள். ஆம்புலன்ஸ் குலுங்கலும் வார்டு விளக்கும் தாங்காத எம்.இ. நோயாளிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பாட்டிக்கு முதுகில் மூன்று தலையணை. ஊற்றும்போது தலை உயர்ந்திருக்க வேண்டும். மட்டமாகக் கிடந்தால் கஞ்சி எதுக்களித்து நுரையீரலுக்குப் போய்விடும். எம்.இ. முற்றியவர்களில் பலருக்கு அந்த மூன்று தலையணைதான் மலை. தலையை உயர்த்தினாலே நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். மெல்லுகிற வேலையைக் குழாய் மிச்சப்படுத்தும். நிமிர்கிற வேலையை என்ன செய்வது? இரைப்பையே சோம்பிக் கிடந்தால் குழாய் அதையும் தாண்டிச் சிறுகுடல்வரை போக வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் மரபியலாளர் ரான் டேவிஸின் மகன் விட்னி டேஃபோவுக்கு அப்படித்தான் உணவு போனது.

இங்கிலாந்தில் மேவ் பூத்பி ஓநீல் என்ற 27 வயதுப் பெண் 2021 அக்டோபரில் இறந்தார். அந்த வருஷம் மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பியவர். எம்.இ.யால் வந்த ஊட்டமின்மைதான் காரணம் என்றது விசாரணை. இந்த நோய் முற்றியவர்களுக்கென்று நாட்டில் ஒரு வார்டுகூட இல்லை என்று 2024இல் எழுதிவைத்தார் விசாரணை அதிகாரி. "சாப்பிட மாட்டேங்கிறா, மனசுதான் சரியில்லை" என்று இங்கே ஒரு டாக்டர் என் காதுபடச் சொல்லியிருக்கிறார். மாட்டேன் வேறு, முடியாது வேறு.

என்ன கொடுப்பது என்பது அடுத்த வாரம். பட்டினி கிடந்த உடம்புக்கு அவசரமாக ஊற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே உலை வைக்கும், அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். குழாய் மேஜை மேலேயே கிடக்கிறது.